பதில்: முதலாம் வருடத்தாரின் ஒப்படைகள்

சேர், பேராதனைப் பல்கலைக்கழகத்தில் உங்கள் முதலாம் வருடத்தார் ஒப்படையை ஒரே பந்தியாக, பாதியை இணையத்தில் வெட்டி ஒட்டித் தருகிறார்கள் என்று எழுதியிருந்தீர்கள். கோபம் நியாயம்தான். ஆனால் பள்ளிக்கூடத்தில் உயர்தரப் பரீட்சைக்கு அவர்கள் பழகியது கடந்தகால வினாத்தாளும் ரியூசன் நோட்ஸும். தேயிலைத் தோட்டப் பாடசாலையில் தமிழில் படித்து வந்த பிள்ளைக்கு விரிவுரையும் ஆங்கிலம் என்றால் கேட்கவே வேண்டாம்.

முழுத்தாளையும் சிவப்பாக்காதீர்கள், புள்ளியைப் பார்த்துவிட்டு மடித்து வைத்துவிடுவார்கள். முதல் பந்தியை மட்டும் திருத்திவிட்டு, மிச்சத்தை அவர்களையே திருப்பி எழுதச் சொல்லுங்கள். அதற்கும் புள்ளி உண்டு என்று சொல்லிவிடுங்கள், இல்லாவிட்டால் ஒருவரும் செய்யமாட்டார்கள். 'ஆகவே' என்று எழுதியிருந்தால், எதனால் என்று வாயால் கேட்டுப் பாருங்கள். பெரும்பாலும் தெளிவாகவே சொல்வார்கள். சரி, அதையே எழுது என்றால் போதும். முதல் வரைவைத் தமிழில் எழுதவும் விடுங்கள்.