'சாப்பிட்டாச்சா'வுக்கு அப்புறம் ஆங்கிலத்தில் என்ன பேசுவது?

ஓரளவு ஆங்கிலம் தெரியும், ஆனால் பேச உட்கார்ந்தால் எதைப் பேசுவது என்றுதான் தெரியவில்லை என்று எழுதியிருந்த வாசகர்களுக்கு இந்த இதழில் பதில்.

கேள்வி: திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் மெர்ச்சண்டைசராக இருக்கிறேன். ஆர்டர் கொடுக்கும் பையர்களுக்கு மெயில் போடுவதில் பிரச்சினை இல்லை, அவர்கள் நேரில் வந்தால்தான் வாய் வருவதில்லை. அதனால் அக்கவுண்ட்ஸில் இருக்கும் நண்பரும் நானும் தினமும் டீ நேரத்தில் ஆங்கிலத்தில் மட்டும் பேசுவது என்று ஆரம்பித்தோம். சாப்பிட்டாயா, நேற்று என்ன செய்தாய், வீட்டில் எல்லாரும் நலமா, அவ்வளவுதான், முடிந்துவிடுகிறது. எங்களைப் போல நடுத்தர நிலையில் இருப்பவர்கள் என்ன தலைப்பு எடுக்கலாம்?
– வாசகர், திருப்பூர்

பதில்: பேச்சு நின்றுபோவதற்கு உங்கள் ஆங்கிலம்தான் காரணம் என்று நினைக்கிறீர்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. ஒரே கேன்டீனில் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிட்டவரிடம் என்ன சாப்பிட்டாய் என்று கேட்டால் தமிழிலேயே அந்தப் பேச்சு அரை நிமிடம் தாண்டாது. பதில் முன்பே தெரிந்த கேள்வி என்றால் கேட்பவருக்கும் அக்கறை இருக்காது, சொல்பவருக்கும் விரித்துச் சொல்ல ஒன்றும் இருக்காது.

உங்களுக்குத் தெரிந்து நண்பருக்குத் தெரியாதது என்ன, அவருக்குத் தெரிந்து உங்களுக்குத் தெரியாதது என்ன? தலைப்பை அங்கே தேடுங்கள். ஒரு ஆர்டர் கைக்கு வந்ததிலிருந்து பெட்டிகள் தூத்துக்குடி துறைமுகத்துக்குக் கிளம்பும்வரை என்னென்ன நடக்கிறது, சாம்பிள் அப்ரூவல் ஏன் இழுத்துக்கொண்டே போகிறது, டையிங்கில் ஷேடு மாறி வந்தால் யார் தலையில் விழுகிறது, கடைசி நேரத்தில் லேபிளை மாற்றச் சொன்னால் பேக்கிங் செக்‌ஷன் என்ன பாடு படுகிறது, இதெல்லாம் அக்கவுண்ட்ஸில் இருப்பவருக்கு வெறும் பில்லாகத்தான் தெரியும். அவர் பங்குக்கு, டாலர் விலை ஒரு ரூபாய் இறங்கினால் கம்பெனிக்கு என்ன ஆகும், டியூட்டி டிராபேக் என்று எல்லாரும் சொல்கிறார்களே அது என்ன என்று உங்களுக்குப் புரியும்வரை சொல்லட்டும். புரியாவிட்டால் நிறுத்திக் கேளுங்கள். அப்படி நிறுத்திக் கேட்கும்போதுதான் அவர் வேறு வார்த்தை தேடி, சுற்றி வளைத்தாவது விஷயத்தைச் சொல்லப் பழகுகிறார். பையர் நேரில் வந்தால் உங்களிடம் கேட்கப்போவதும் இந்த மாதிரி விஷயங்களைத்தான்.

நடுத்தர நிலை என்கிறீர்களே, அதற்கு ஒரு அளவுகோல் இருக்கிறது. ஐரோப்பிய கவுன்சில் 2001ல் வெளியிட்ட மொழித்திறன் அளவுகோலில் ஏ1 முதல் சி2 வரை 6 படிகள், நடுவில் இருப்பவை பி1, பி2. பி1ல் இருப்பவர் தனக்கு நடந்ததை, தன் ஆசையை, திட்டத்தைச் சொல்லி அதற்குக் காரணமும் சுருக்கமாகச் சொல்ல வேண்டும். பி2 என்றால் ஒரு விஷயத்தில் தன் கருத்து என்ன, ஒவ்வொரு வழியிலும் உள்ள நிறைகுறை என்ன என்று விளக்க வேண்டும். ஆகவே 'என்ன' என்று கேட்டு நின்றுவிடும் தலைப்பு உங்களுக்குப் போதாது. 'ஏன்', 'எப்படி மாறியது', 'வேறு மாதிரி நடந்திருந்தால்' என்று இழுத்துக்கொண்டு போகும் தலைப்புதான் வேண்டும்.

இதில் இன்னொரு வசதி, இலக்கணம் தானாக வந்து சேரும். வீட்டில் போன் இல்லாத காலத்தில் உங்கள் அப்பா வெளியூரில் இருந்தவர்களோடு எப்படிப் பேசினார், எஸ்.டி.டி. பூத்தில் ராத்திரிக் கட்டணம் குறையும் நேரத்துக்காக எப்படி வரிசையில் நின்றார் என்று சொல்ல ஆரம்பித்தால் 'யூஸ்டு டு' இல்லாமல் உங்களால் நகர முடியாது. திருப்பூருக்கு வேலைக்கு வராமல் இருந்திருந்தால் இன்றைக்கு என்ன செய்துகொண்டிருப்பீர்கள் என்று பேசினால் 'வுட் பி' வந்தே தீரும்.

கருத்து சொல்லிப் பழக உங்கள் ஊரிலேயே கனமான விஷயம் இருக்கிறது. 2011 ஜனவரியில் சாயப்பட்டறைகளை மூடச் சொல்லி சென்னை உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது. அதனால் வேலை போனவர்களும் திருப்பூரில் இருக்கிறார்கள், நொய்யல் ஆற்றில் கலந்த சாயக்கழிவால் நிலம் கெட்டுப்போனவர்களும் இருக்கிறார்கள். ஒருவர் பட்டறைத் தொழிலாளி பக்கம் நில்லுங்கள், ஒருவர் நொய்யல் கரையில் இருக்கும் ஒரத்துப்பாளையம் விவசாயி பக்கம் நில்லுங்கள், மறுநாள் பக்கம் மாறிக்கொள்ளுங்கள். தனக்கு உடன்பாடில்லாத பக்கத்துக்காகப் பேசும்போது புதுப்புது வாக்கியங்கள் வேண்டியிருக்கும், அது நல்ல பயிற்சி.

அப்புறம், தினம் ஒரு புதுத் தலைப்பு வேண்டும் என்று அலையாதீர்கள். கீத் மாரிஸ் என்பவர் 1983ல் எழுதிய ஒரு முறை இருக்கிறது, நியூசிலாந்தில் வெலிங்டன் விக்டோரியா பல்கலைக்கழகப் பேராசிரியர் பால் நேஷன் அதைப் பின்னர் ஆராய்ந்து எழுதினார். ஒரே விஷயத்தை ஒருவரிடம் 4 நிமிடம் சொல்ல வேண்டும், உடனே அதையே இன்னொருவரிடம் 3 நிமிடத்தில், மூன்றாமவரிடம் 2 நிமிடத்தில். விஷயம் மாறாததால் என்ன சொல்வது என்ற யோசனை குறைந்துவிடும், கவனம் முழுக்கச் சொல்லும் விதத்தில் இருக்கும், திக்கல் குறைந்து வேகம் கூடும். கேட்பவர் மாறிக்கொண்டே இருக்க வேண்டும் என்பது முக்கியம், அதனால் இன்னும் இரண்டு பேரை டீக்கு அழைத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: இணையத்திலிருந்து நூறு தலைப்புகள் கொண்ட பட்டியல் ஒன்றை எடுத்து வைத்திருக்கிறேன். புவி வெப்பமாதல், சமூக ஊடகத்தின் நன்மை தீமைகள், பெண் முன்னேற்றம் என்று போகிறது. ஹாஸ்டலில் நாங்கள் பேசிப் பார்த்தால் மூன்று வாக்கியத்தில் நின்றுவிடுகிறது. பட்டியல் உதவாதா?
– மாணவி, விருதுநகர்

பதில்: உதவும், ஆனால் அப்படியே எடுத்தால் உதவாது. அந்தத் தலைப்புகளைப் பார்த்ததும் பள்ளிக்கூடக் கட்டுரைதான் வாயில் வரும், அதில் நீங்கள் இருக்க மாட்டீர்கள். ஒவ்வொரு தலைப்பையும் உங்கள் வாழ்க்கைக்குள் வந்து நிற்கும்வரை சுருக்குங்கள். பெண் முன்னேற்றம் வேண்டாம், 2021 மே மாதத்திலிருந்து சாதாரண டவுன் பஸ்ஸில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை, அதனால் உங்கள் அம்மாவோ சித்தியோ முன்பு போகாத எந்த இடத்துக்கு இப்போது போகிறார்கள், மிச்சமான பணம் யார் கையில் இருக்கிறது என்று பேசுங்கள். சமூக ஊடகம் வேண்டாம், குடும்ப வாட்ஸ்அப் குரூப்பில் பெரியப்பா ஒரு தப்பான வைத்தியக் குறிப்பை அனுப்பினால் எல்லார் முன்னாலும் மறுத்துச் சொல்வீர்களா, தனியாகச் சொல்வீர்களா, விட்டுவிடுவீர்களா? நகர வளர்ச்சியைப் பற்றிப் பேசச் சொன்னால் யாருக்கும் ஒன்றும் தோன்றாது. 2023 டிசம்பர் கடைசியில் கிளாம்பாக்கம் பஸ் நிலையம் திறந்து தென் மாவட்டப் பஸ்கள் கோயம்பேட்டிலிருந்து அங்கே போனதே, அது நல்லதா என்று சென்னைக்குப் போய்வரும் விருதுநகர்க்காரர்களிடம் கேளுங்கள். மணி அடித்து நிறுத்த வேண்டியிருக்கும்.

கேள்வி: நாங்கள் சில பெண்கள் சனிக்கிழமைதோறும் கூடி ஆங்கிலம் பேசிப் பழகுகிறோம். ஒரு சிலர் நன்றாகவே பேசுவார்கள், மற்றவர்கள் கேட்டுக்கொண்டே இருந்துவிடுகிறார்கள். போன வாரம் 'உங்கள் குடும்பம்' என்று தலைப்பு கொடுத்தோம், ஒருவர் கண் கலங்கி எழுந்து போய்விட்டார். எல்லாருக்கும் பொருந்தும் தலைப்பை எப்படித் தேர்வது?
– வாசகி, தஞ்சாவூர்

பதில்: அவரைப் போய்ப் பார்த்தீர்களா? இல்லையென்றால் முதலில் அதைச் செய்யுங்கள், தலைப்பு பிறகு.

ஆங்கிலப் பாடப்புத்தகங்களில் குடும்பம், கல்யாணம், சொந்த ஊர் எல்லாம் எளிய தலைப்புகளாக முதல் பக்கங்களிலேயே இருக்கும். நம் ஊரில் அவை எளிய தலைப்புகள் கிடையாது. கல்யாணம் ஆகாதவரிடம், குழந்தை இல்லாதவரிடம், கணவரைப் பிரிந்தவரிடம் குடும்பத்தைப் பற்றி 2 நிமிடம் பேசு என்பது பெரிய கொடுமை. சொந்த ஊர் எது, அதில் எந்தத் தெரு என்ற கேள்வி இங்கே எதற்காகக் கேட்கப்படுகிறது என்பதும் நம் எல்லாருக்கும் தெரியும், அதை ஆங்கிலத்தில் கேட்டால் மட்டும் குத்தாமல் இருக்காது. சம்பளம், மதிப்பெண், மகனுக்கு வேலை கிடைத்ததா என்பதையும் இதோடு சேர்த்துக்கொள்ளுங்கள். அவர்களாகச் சொன்னால் கேளுங்கள், தலைப்பாக வைக்காதீர்கள். எந்தத் தலைப்பு வைத்தாலும் கூடவே இன்னும் இரண்டு சீட்டு இருக்கட்டும், விருப்பப்பட்டதை எடுத்துக்கொள்ளலாம், வேண்டாம் என்றால் ஏன் என்று யாரும் கேட்கக் கூடாது.

பேசாமல் இருப்பவர்கள் விஷயத்தில் எனக்குக் கொஞ்சம் கோபமே உண்டு, அவர்கள்மேல் அல்ல, சரளமாகப் பேசுபவர்களுக்கு வசதியான தலைப்பையே எப்போதும் கொடுக்கிற பழக்கத்தின்மேல். ஆங்கிலம் குறைவாக இருப்பவர் கையில் விஷயம் அதிகமாக இருக்கும்படி தலைப்பு வையுங்கள். உங்கள் குழுவில் ஆடு வளர்ப்பவர் இருக்கலாம், தையல் மிஷினைத் தானே பிரித்துச் சரிசெய்பவர் இருக்கலாம், மகளிர் குழுக் கணக்கைப் பல வருடம் பார்த்தவர் இருக்கலாம். அன்றைக்கு அவர் சொல்லட்டும், நன்றாகப் பேசுபவர்கள் கேள்வி மட்டும் கேட்கட்டும். நல்ல கேள்வி கேட்பது அவர்களுக்கும் சுலபமாக வராது, பார்த்துக்கொண்டே இருங்கள். பேசுவதற்கு முன் எல்லாருக்கும் ஒரு நிமிடம் குறிப்பெடுக்க நேரம் கொடுங்கள்.

எல்லாரையும் வாய் திறக்க வைக்க வேண்டுமென்றால் சேர்ந்து முடிவெடுக்கும் வேலை ஒன்று கொடுங்கள். ஊருக்கு 10 லட்சம் ரூபாய் வந்திருக்கிறது: குளம் தூர்வாருவதா, பெண்களுக்குக் கழிப்பறையா, நூலகத்துக்குக் கூரையா, தெருவிளக்கா? ஒன்றுக்குத்தான் பணம் போதும், 15 நிமிடத்தில் எல்லாரும் ஒத்துக்கொள்ள வேண்டும். இதில் சும்மா இருந்தால் தனக்கு வேண்டியது போய்விடும்.

கேள்வி: நர்ஸ் வேலைக்காக ஐ.இ.எல்.டி.எஸ். ஆங்கிலத் தேர்வு எழுதப்போகிறேன். பயிற்சி மையத்தில் தலைப்புகளும் பதில்களும் கொடுத்து மனப்பாடம் செய்யச் சொல்கிறார்கள். செய்யலாமா?
– வாசகி, நாகர்கோவில்

பதில்: வேண்டாம். பேச்சுத் தேர்வு 11 முதல் 14 நிமிடம், மூன்று பகுதி. முதலில் உங்களைப் பற்றியும் பழக்கமான விஷயங்களைப் பற்றியும் கேள்விகள். அடுத்து ஒரு அட்டை தருவார்கள், ஒரு நிமிடம் யோசித்துவிட்டு 2 நிமிடம் வரை தனியாகப் பேச வேண்டும். மூன்றாவது பகுதியில் அதே தலைப்பைப் பிடித்துக்கொண்டு தேர்வாளர் 4, 5 நிமிடம் விவாதிப்பார், மனப்பாடம் அங்கே கைவிட்டுவிடும். மனப்பாடப் பதிலைக் கண்டுபிடிக்கவும் அவர்களுக்குப் பழக்கம் உண்டு. மதிப்பெண் சரளம், சொல்வளம், இலக்கணம், உச்சரிப்பு ஆகிய நான்குக்குத்தான், உங்கள் கருத்து சரியா தப்பா என்பதற்குக் கிடையாது. மனப்பாடப் பதில்களை விட்டுவிட்டுச் சம்பவங்களைச் சேர்த்து வையுங்கள். இரவுப் பணியில் பயந்துபோன ஒரு நோயாளியை நீங்கள் அமைதிப்படுத்திய சம்பவம் ஒன்று கையில் இருந்தால் பொறுமை, உதவி, கஷ்டமான முடிவு, வேலை என்று பல அட்டைகளுக்கு அதை வைத்தே பேசலாம், ஒவ்வொரு முறையும் வார்த்தை புதிதாக வரட்டும். நோயாளியின் பெயர், அடையாளம் மட்டும் சொல்லாதீர்கள். நீங்கள் போக நினைக்கும் நாட்டில் ஓ.இ.டி. தேர்வை ஏற்கிறார்களா என்றும் விசாரியுங்கள். அது மருத்துவத் துறையினருக்கென்றே உள்ள தேர்வு, பேச்சுப் பகுதியில் நோயாளியோடோ உறவினரோடோ பேசுவதுபோல இரண்டு ரோல் பிளே வரும். வார்டில் தினமும் நீங்கள் செய்வதுதான் அங்கே தலைப்பு.

கேள்வி: நண்பர் பேசும்போது தப்பு வந்தால் உடனே திருத்தலாமா?
– வாசகர், கரூர்

பதில்: பேசி முடிக்கட்டும். குறித்து வைத்துக்கொண்டு, புரியாமல் போன இடத்தையும் திரும்பத் திரும்ப வந்த ஒரு தப்பையும் மட்டும் கடைசியில் சொல்லுங்கள். ஒவ்வொரு வாக்கியத்திலும் நிறுத்தினால் அடுத்த வாரம் அவர் வர மாட்டார்.

கேள்வி: விழுப்புரம் பக்கம் சின்ன ஊரில் மருந்துக்கடை வைத்திருக்கிறேன். ஆங்கிலத்தில் பேச ஆளே இல்லை. தனியாக என்ன செய்வது?
– வாசகர், விழுப்புரம் மாவட்டம்

பதில்: சென்னை, கோவை மாதிரி ஊர்களில் மேடைப் பேச்சு பழகும் டோஸ்ட்மாஸ்டர்ஸ் மன்றங்கள் இருக்கின்றன. 1924ல் கலிபோர்னியாவில் தொடங்கிய அமைப்பு அது, அங்கே டேபிள் டாபிக்ஸ் என்று முன்கூட்டிச் சொல்லாத தலைப்பில் ஒன்று, இரண்டு நிமிடம் பேச விடுவார்கள். இணையவழியில் கூடும் மன்றங்களும் உண்டு, விருந்தினராகப் போய்க் கேட்டுப் பாருங்கள். அதுவரை உங்கள் போன் இருக்கிறது. கடை மூடும் முன் அன்று கவுன்ட்டரில் நடந்த ஏதாவது ஒன்றை 2 நிமிடம் பேசிப் பதிவு செய்யுங்கள், போட்டுக் கேளுங்கள், எங்கே வார்த்தை கிடைக்காமல் நின்றீர்களோ அந்த வார்த்தையை மட்டும் தேடி எடுத்துக்கொண்டு அதையே மறுபடி பேசுங்கள். டாக்டர் சீட்டு இல்லாமல் ஆன்டிபயாடிக் கேட்டு ஒருவர் சண்டை போடுவார் பாருங்கள், அவரிடம் ஏன் தர முடியாது என்று நீங்கள் சொன்ன அத்தனையையும் ஆங்கிலத்தில் சொல்லிப் பார்ப்பதிலிருந்து தொடங்கலாம்.