எந்தச் சபாவிலும் வாசிக்காத வாத்தியார்

அன்புள்ள ஆசிரியருக்கு,

எங்களுக்கு மிருதங்கம் சொல்லிக்கொடுத்த வாத்தியார் சென்ற மாதம் காலமானார். பெரிய சபாக்களில் வாசித்தவரல்ல. சம்பளம் கொடுக்க முடியாத பிள்ளைகளையும் உட்காரவைத்துப் பாடம் எடுத்தவர். கோயில் கச்சேரி, பள்ளி ஆண்டு விழா என்று கூப்பிட்ட இடத்துக்கெல்லாம் போய் வாசித்தவர். மாணவர்கள் சேர்ந்து நினைவு மலர் கொண்டுவருகிறோம். “விருது இல்லை, ஒலிப்பதிவு இல்லை, எதை எழுதுவது?” என்று எங்களுக்குள்ளேயே கேள்வி. நீங்கள் ஒரு கட்டுரை தர முடியுமா?

ஒரு மாணவர்

அன்புள்ள நண்பருக்கு,

வாத்தியாருக்கு என் அஞ்சலி. கட்டுரை நான் தருவது முறையாகாது. அவர் வாசித்து நான் கேட்டதில்லை. ஆனால் “எதை எழுதுவது” என்பதற்குச் சொல்லக் கொஞ்சம் இருக்கிறது.

பக்கவாத்தியக் கலைஞர்களுக்கான அஞ்சலிகளில் பாதிக்கு மேல், யார் யாருக்கு வாசித்தார் என்ற பட்டியல்தான், கல்யாணப் பத்திரிகையில் உற்றார் பெயர் போடுவதைப் போல. கற்பிப்பதையே வாழ்க்கையாகக் கொண்டவருக்கு இது அறவே பொருந்தாது. தாள வாத்திய ஆசிரியர் டி.ஆர். ஹரிஹர சர்மா 1958-இல் சென்னையில் ஸ்ரீ ஜெய கணேஷ் தாள வாத்திய வித்யாலயாவைத் தொடங்கினார். அவருடைய கச்சேரிகளைப் பற்றி இன்று பேசுபவர்கள் அரிது. அவரிடம் கற்ற மகன் விக்கு விநாயக்ராம் கடத்தை உலக மேடைகளுக்குக் கொண்டுபோனார். மிருதங்க வித்வான் காரைக்குடி மணியும் (1945–2023) அவரிடம் பாடம் கேட்டவர்தான்.

ஆனால் மாணவரின் புகழைக் காட்டி ஆசிரியரை உயர்த்துவதும் அதே பட்டியல்தான், பெயர்கள்தான் வேறு. உங்கள் வாத்தியாரிடம் படித்துவிட்டு, வேலைக்குப் போய், மிருதங்கத்தையே தொடாதவர்கள் இருப்பார்கள். கச்சேரியில் உட்கார்ந்தால் அவர்கள் கை தொடையில் தாளம் தப்பாமல் போடும். அவர்களையும் எழுதச் சொல்லுங்கள்.

எழுத வேண்டியது பாடத்தை. தத், தித், தொம், நம் என்ற முதல் சொற்களில் ஒரு பிள்ளையை எத்தனை நாள் நிறுத்திவைத்தார்? சொற்களைக் கோத்து அமைத்த கோர்வையைக் கைக்குக் கொடுக்கும் முன் தாளம் போட்டு வாயால் சொல்லவைத்தாரா? சாப்பு என்ற அடி சரியாக விழாத கையை எப்படித் திருத்தினார், விரலைப் பிடித்து வைத்தா, தானே வாசித்துக் காட்டியா? தொப்பியில், அதாவது மிருதங்கத்தின் இடப்பக்கத் தோலில், பூசும் ரவை கூடிப்போனால் நாதம் மந்தமாகும், காய்ந்துவிட்டால் கும்கி என்ற ஆழ்ந்த ஒலி எழும்பாது. பதம் எது என்பதை அவர் பிள்ளைகளுக்குக் காட்டிக்கொடுத்த விதம் உங்களுக்குத்தான் தெரியும்.

பழைய பாட நோட்டுகளைச் சேகரியுங்கள். ஒரே கோர்வையை இருவருக்கு வேறு வேறாக எழுதிக்கொடுத்திருந்தால் இரண்டையும் அடுத்தடுத்து அச்சிடுங்கள். பிள்ளையின் கையைப் பார்த்துப் பாடத்தை மாற்றியவர் அவர் என்பது அங்கே தெரிந்துவிடும்.

அவருடைய மிருதங்கத்துக்கு மூட்டு என்னும் தோல் முகப்பை மாற்றி, வார் பிடித்துக் கொடுத்தவர் யார்? மிருதங்க மேதை பாலக்காடு மணி ஐயரின் நாதத்தில் பர்லாந்து என்ற கைவினைஞரின் உழைப்புக்குப் பெரும் பங்கு உண்டு. ரசிகர்களில் பலருக்கு அந்தப் பெயரே தெரியாது. உங்கள் ஊர்க் கைவினைஞரையாவது தேடிப்பிடித்துப் பேசவைத்து, பெயரும் படமும் போடுங்கள். வாத்தியாரின் கையை அவரைவிட நன்றாக அறிந்தவர் இருக்கமாட்டார்.

பிரமுகர்களின் வாழ்த்துச் செய்திக்கு இரண்டு பக்கத்துக்கு மேல் ஒதுக்காதீர்கள். மலருக்கு விலை வையுங்கள், இலவசமாகக் கொடுத்தால் நேராகப் பரணுக்குப் போய்விடும். எனக்கு ஒரு பிரதி எடுத்துவையுங்கள், பணம் அனுப்புகிறேன்.