பழைய நாடகம் இன்றைய செய்தியைப் புரிய வைக்குமா?

கேள்வி: நூறு வருடத்துக்கு முந்தைய நாடகங்களைப் படித்தால் இன்றைய நடப்பு புரியுமா?

நிச்சயமாகப் புரியும். நார்வே நாடகாசிரியர் இப்சன் 1882-இல் எழுதிய ‘மக்களின் எதிரி’யை எடுத்துக்கொள்ளுங்கள். நார்வேயில் ஒரு சிற்றூர். உடல்நலம் தேடி வருபவர்களுக்கான குளியல் நிலையத்தை நம்பித்தான் ஊரே இருக்கிறது. தோல் ஆலைக் கழிவு அந்த நீரில் கலப்பதை மருத்துவர் ஸ்டாக்மன் கண்டுபிடிக்கிறார். ஊர்த் தலைவர் அவருடைய சொந்த அண்ணன். உள்ளூர்ப் பத்திரிகை முதலில் மருத்துவர் பக்கம்தான் நிற்கிறது. இரண்டு வருடம் நிலையத்தை மூட வேண்டும், செலவு ஊர்மக்கள் தலையில் விழும் என்று அண்ணன் சொன்னதும் அப்படியே கட்சி மாறுகிறது. எனக்கு நாடகத்தின் உயிரே இந்த இடம்தான். ஆய்வு பொய் என்று யாரும் நிரூபிக்கவில்லை. செலவு யார் தலையில் என்ற கணக்கு மட்டும் கைமாறியது.

இதை நம் காலத்துச் செய்தியோடு வைத்துப் பாருங்கள். அமெரிக்காவின் ஃபிளின்ட் நகரில் 2014 ஏப்ரலில் செலவைக் குறைக்க ஆற்றுநீருக்கு மாறினார்கள். குழாய் அரிக்காமல் தடுக்கும் ரசாயனத்தைச் சேர்க்காததால் பழைய குழாய்களின் ஈயம் குடிநீரில் இறங்கியது. குழந்தைகளின் ரத்தத்தில் ஈயம் கூடியிருப்பதை மருத்துவர் மோனா ஹன்னா-அட்டிஷா 2015 செப்டம்பரில் வெளியிட்டார். மாநில அதிகாரிகள் முதலில் அவரைத்தான் சாடினார்கள், அப்புறம் ஒப்புக்கொண்டார்கள்.

ஒரு முக்கியமான வித்தியாசம் உண்டு. இப்சனின் ஊர்மக்கள் கூட்டம் போட்டு மருத்துவரை எதிரியாக அறிவிக்கிறார்கள், வீட்டு ஜன்னலை உடைக்கிறார்கள். ஃபிளின்ட் மக்களோ அந்த மருத்துவருக்கு முன்பே, கலங்கிய நீரைப் பாட்டிலில் பிடித்துக்கொண்டு போய்ப் போராடினார்கள்.