சின்னத் தோட்டப்புற ஊரில் இருந்துகொண்டு பழைய அமெரிக்கப் பயணிகள் ரயில் மாடல்களைச் சேர்த்து ஓட்ட முடியுமா? கடையும் இல்லை, வீடும் சிறியது. வீண் செலவா?

முடியும். நான் மலேசியாவில், பேராக் மாநிலத்தின் சுங்கை சிப்புட்டில் ஓட்டிக்கொண்டுதான் இருக்கிறேன். "வீண் செலவா" என்று நீங்கள் கேட்கும் விதத்திலேயே தெரிகிறது, வீட்டில் யாரோ ஏற்கெனவே ஒரு சுற்று பேசிவிட்டார்கள். எனக்கும் அது நடந்ததால்தான் இதை எழுத உட்கார்ந்தேன்.

நான் செம்பனை ஆலையில் பிட்டராக இருந்து ஓய்வு பெற்றவன். ஆலைக்குள் போனவர்களுக்குத் தெரியும், பழக்குலைகளைக் கூண்டில் கொட்டி, தண்டவாளத்தின் மேல் தள்ளித்தான் ஸ்டெரிலைசருக்குள், அதாவது ஆவியில் வேகவைக்கும் கலனுக்குள், அனுப்புவார்கள். கூண்டு தடம் இறங்கிவிட்டால் பின்னால் எல்லாம் நிற்கும். மேனேஜர் வாயில் வருவதை நாங்கள்தான் கேட்டுக்கொள்ள வேண்டும். சக்கரம் எதனால் தண்டவாளத்தை விட்டு இறங்குகிறது என்பதை யாரும் எனக்குச் சொல்லித் தர வேண்டியதில்லை. வயசான காலத்தில் பொம்மை விளையாடுகிறான் என்பவர்கள் இதையும் கணக்கில் சேர்த்துக்கொள்ளட்டும்.

என்னிடம் இருப்பது கலிபோர்னியா ஸெஃபர். 1949 முதல் 1970 வரை சிகாகோவுக்கும் ஓக்லண்டுக்கும் இடையே ஓடிய ரயில். பட் (Budd) என்ற கம்பெனி கட்டிய பெட்டிகள், வெளிப்புறம் முழுக்க வரி வரியாக எவர்சில்வர். கூரைக்கு மேலே கண்ணாடி மாடம் வைத்த பெட்டி ஒரு ரயிலுக்கு ஐந்து. 1944இல் சைரஸ் ஆஸ்போர்ன் என்ற ஜெனரல் மோட்டார்ஸ் அதிகாரி கொலராடோ மலைப்பாதையில் இஞ்சின் அறையில் உட்கார்ந்து போயிருக்கிறார். டிரைவர் பார்க்கிற காட்சியைக் காசு கொடுத்த பயணி ஏன் பார்க்கக் கூடாது என்று அவருக்குத் தோன்றியதில் பிறந்ததுதான் அந்த மாடம். ராக்கி மலையும் ஃபெதர் ஆற்றுப் பள்ளத்தாக்கும் பகலில் வருகிற மாதிரி நேரத்தையே அமைத்திருந்தார்கள். இதையெல்லாம் படித்த பிறகு எனக்கு வேறு ரயில் பிடிக்கவில்லை.

"நம்ம கேடிஎம் ரயில் இருக்கும்போது வெள்ளைக்காரன் ரயில் எதுக்கு?" என்று கீழே ஒருவர் கட்டாயம் கேட்பார். ஐயா, கேடிஎம் என்கிற நம் மலேசிய ரயில்வேக்கு 1957இல் வந்த கிளாஸ் 20 டீசல் இஞ்சினை ஒழுங்காக மாடல் செய்து யாராவது கொடுத்தால் முதல் ஆளாக வாங்குவேன். காலனி மோகம் என்றும் சொல்ல வேண்டாம், நம்மை ஆண்டவன் அமெரிக்கன் இல்லை.

வீடு சிறியது என்றால் 'N' என்று சொல்லும் மாடல் அளவிலேயே தொடங்குங்கள். அது 1:160, அதாவது நிஜ ரயிலில் 160இல் ஒரு பங்கு; தண்டவாள அகலம் 9 மில்லிமீட்டர். 85 அடிப் பெட்டி அதில் பதினாறு சென்டிமீட்டர்தான் வரும். 'HO' என்ற பெரிய அளவில், அதாவது 1:87இல், அதே பெட்டி முப்பது சென்டிமீட்டரைத் தொடும். அது வளைந்து திரும்ப உங்கள் வரவேற்பறையையே கொடுக்க வேண்டியிருக்கும். கடை இல்லாதது பெரிய குறை இல்லை, எல்லாம் தபாலில் வரும். கரண்ட் விஷயத்தில்தான் கவனம் தேவை. தண்டவாளத்துக்குக் கரண்ட் கொடுக்கும் பவர் பேக், ஜப்பானுக்கானது 100 வோல்ட், அமெரிக்காவுக்கானது 120, நம் சுவரில் வருவது 240. முள்ளை மாற்றும் அடாப்டரை மட்டும் போட்டுச் செருகினால் புகைதான். 240 ஏற்பதைக் கேட்டு வாங்குங்கள், அல்லது வோல்ட்டை இறக்கும் டிரான்ஸ்பார்மர் வையுங்கள்.

போன தீபாவளிக்கு மச்சான் குடும்பத்தோடு வந்திருந்தார். முறுக்கைக் கடித்துக்கொண்டே, "இந்தக் காசுக்கு ஒரு மோட்டார் சைக்கிள் வாங்கியிருக்கலாம்" என்றார். அந்த நேரம் பார்த்து ஒரு மாடப் பெட்டி வளைவில் சரிந்தது. தூக்கி வைத்தேன், மறுபடியும் அதே இடம். அவருக்கு ஒரே சிரிப்பு.

இரவு எல்லோரும் போன பிறகு பெட்டிகளின் வரிசையை மாற்றி ஓட்டினேன். இப்போது வேறு பெட்டி விழுந்தது, அதே வளைவில். ஆக, கோளாறு பெட்டியில் இல்லை, பாதையில். இரும்பு ஸ்கேலைக் குறுக்கே மட்டமாகப் பிடித்து டார்ச் அடித்தேன். வெளித்தண்டவாளத்துக்கும் ஸ்கேலுக்கும் நடுவே மயிரிழை வெளிச்சம். ஜன்னல் வழியாகச் சாரல் பட்டுப் பட்டு, உள்பக்கம் பிளைவுட் ஊதியிருந்தது. ஒரு கல்யாணப் பத்திரிகையைக் கீற்றாக வெட்டி வெளித்தண்டவாளத்துக்கு அடியில் செருகினேன். யார் வீட்டுப் பத்திரிகை என்று சொல்ல மாட்டேன். அன்றிலிருந்து அந்த வளைவில் ஒரு பெட்டிகூட இறங்கவில்லை. பிளைவுட்டுக்கு இரண்டு பக்கமும் விளிம்பும் சேர்த்து வார்னிஷ் அடியுங்கள், நம் ஈரத்துக்கு அது இல்லாமல் ஆகாது. தண்டவாளம் கறுத்தால் ஐசோபுரோபைல் ஆல்கஹால் தொட்ட துணியால் துடைத்தால் போதும், உப்புத்தாள் வேண்டாம்.

காசைப் பற்றி மறைக்க மாட்டேன். முழு ஸெஃபர் பெட்டித் தொகுதி ஆயிரம் வெள்ளியை (ரிங்கிட்) தாண்டும், இஞ்சின் தனி. ஆனால் நான் குடிப்பதில்லை, லாட்டரி நம்பர் எழுதுவதில்லை. எழுதுகிறவரிடம் மாதம் எவ்வளவு போகிறது என்று எந்த உறவும் கேட்பதில்லை, அது எனக்கு இன்னும் புரியவில்லை.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன், கேள்விக்குச் சம்பந்தமில்லைதான். எங்கள் தாமானில், அதாவது குடியிருப்பில், என்னிடம் டூல்ஸ் இருக்கிறது என்று தெரிந்தாலும் தெரிந்தது, ஏணி, டிரில், மல்ட்டிமீட்டர் எல்லாம் ஊர்வலம் போகின்றன. திருப்பிக் கேட்டால் நான் கஞ்சன். மல்ட்டிமீட்டர் எங்கே இருக்கிறது என்று எனக்குத் தெரியும், அந்த வீட்டுக்காரரும் இந்தத் தளத்தில் இருக்கிறார்.

சரி, நீங்கள் முதலில் ஒரு வட்டப் பாதை, ஒரு இஞ்சின், இரண்டே இரண்டு பெட்டி வாங்குங்கள். ஒரு மழைக்காலம் ஓட்டிப் பார்த்த பிறகும் பிடித்திருந்தால் மாடப் பெட்டிக்குப் போகலாம்.