ஹார்ட் டிஸ்க்கைக் கழற்றிய பெண்ணுக்கு மேனேஜ்மென்ட் சீட் எதற்கு?

போன வாரம் பெண்ணோடு என்னைப் பார்க்க வந்த ஓர் அப்பா நாற்காலியில் உட்காரவே இல்லை. பெண் பிளஸ் டூ படிக்கிறாள், இயற்பியல்தான் வேண்டும் என்கிறாள். சித்தப்பா இப்போதே ஏஐ பிரிவில் மேனேஜ்மென்ட் சீட் பேசி வைத்துவிட்டார். அதற்கு ஒன்றரை ஏக்கரை விற்கப்போகிறார்களாம். "கவலைப்படாதீங்க சார்" என்று ஆரம்பித்த நான், நிலம் என்றதும் ஆறுதலை நிறுத்திக்கொண்டேன்.

சார், நிலத்தில் கை வைக்காதீர்கள். அவள் கேட்காத படிப்புக்கு ஒரு ரூபாய் கடனும் வேண்டாம்.

உங்கள் பெண் பழைய ஹார்ட் டிஸ்க்கைத் திருப்புளியால் கழற்றி, உள்ளே இருந்த காந்தத்தை ஃபிரிட்ஜில் ஒட்டி வைத்திருக்கிறாள். "இத்தனூண்டு ஹெட் எப்படி அங்கிள் படிக்குது?" என்று என்னையே மடக்கினாள். ஹெட் என்றால் டிஸ்க்கில் பதிந்ததைப் படிக்கும் சின்ன முனை. இரும்பையும் குரோமியத்தையும் சில அணுக்கள் தடிமனில் மாற்றி மாற்றி அடுக்கினால், காந்தப்புலம் பட்டதும் மின்தடை சட்டென்று குறைகிறது. ஃபெர்ட், குரூன்பெர்க் என்ற இரண்டு இயற்பியலாளர்கள் 1988-இல் தனித்தனியே கண்டது இது. 2007-இல் நோபல் கிடைத்தது. ஹெட்டின் சூட்சுமம் அங்கிருந்து வந்ததுதான்.

அந்த அடுக்குக்குள் எந்தப் படலத்தின் காந்தம் எந்தப் பக்கம் பார்க்கிறது என்று எப்படித் தெரியும்? நியூட்ரானை விட்டுப் பார்ப்பார்கள். அதற்கு மின்னூட்டம் கிடையாது, ஆனால் அதுவே ஒரு குட்டிக் காந்தம். கண்ணாடி போன்ற படலத்தின் மேல் ஒரு டிகிரிக்கும் குறைவான சாய்வில் அதை உரச விட்டு, எந்தக் கோணத்தில் எவ்வளவு தெறிக்கிறது என்று வரைவார்கள். சாதாரண எக்ஸ்ரேவுக்கு எல்லா இரும்புப் படலமும் ஒன்றுதான். நியூட்ரானுக்கு இடப்பக்கம் பார்க்கும் இரும்பு வேறு, வலப்பக்கம் பார்க்கும் இரும்பு வேறு. காந்தப்புலம் படாதபோது அடுத்தடுத்த இரும்புப் படலங்கள் எதிரெதிர்ப் பக்கம் பார்க்கும்; அதனால் அடுக்கின் இடைவெளி நியூட்ரானுக்கு இரட்டிப்பாகத் தெரிகிறது. எக்ஸ்ரே வரைபடத்தில் இல்லாத ஒரு முகடு, ஏறக்குறைய பாதிக் கோணத்தில் எழுகிறது. இதைச் சொன்னபோது அவள் முகத்தைப் பார்த்தீர்களா? நீங்கள் போனைப் பார்த்துக்கொண்டிருந்தீர்கள்.

இதற்கு வெளிநாடு போக வேண்டியதில்லை. மும்பை ட்ராம்பேயில் 1985 முதல் இயங்கும், நியூட்ரான் தரும் 100 மெகாவாட் துருவா அணு உலையில் இந்த வேலைக்கென்றே கருவி இருக்கிறது. பல்கலைக்கழக ஆய்வாளர்களும் யுஜிசி-டிஏஇ (பல்கலைக்கழக மானியக் குழு, அணுசக்தித் துறை) கூட்டமைப்பு வழியாக அங்கே போய் அளக்கலாம்.

நீட், பொறியியல் கவுன்சலிங் எல்லாம் சித்தப்பாவுக்கே அத்துப்படி. அவர் சொல்லாதது நெஸ்ட் தேர்வு. புவனேஸ்வர் நைசர், மும்பை செப்ஸ் என்ற இரண்டு அறிவியல் கல்வி நிறுவனங்களிலும் ஐந்தாண்டு ஒருங்கிணைந்த எம்.எஸ்சி.க்கு அதுதான் வாசல்.

கேம்பஸ் இன்டர்வியூ கனவு இதில் வேண்டாம். பிஎச்.டி.க்கு ஐந்தாறு வருடம் பிடிக்கும், நிரந்தர இடங்களும் குறைவு. ஆனால் ஜேஆர்எஃப் என்ற இளநிலை ஆய்வு உதவித்தொகை கிடைத்தால் 2023 முதல் மாதம் 37,000 ரூபாய், வீட்டு வாடகைப்படி தனி. கோடிங்கும் விட்டுப்போகாது; அளந்த வளைவைக் கணினியில் மாதிரி போட்டுப் பொருத்துவதே பாதி வேலை.

அதற்காக நாளைக்கே அவளை நெஸ்ட் கோச்சிங்கில் தள்ளிவிடாதீர்கள். போன வருடத்து வினாத்தாளை அவளே போட்டுப் பார்க்கட்டும். நீங்கள் நிலத்துக்கு அட்வான்ஸ் வாங்கியிருந்தால், இந்த வாரமே திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.