டிரம்ப் போனால் போதுமா?

கேள்வி: அமெரிக்க அதிபர் டிரம்ப்பின் பதவிக்காலம் 2029 ஜனவரியில் முடிந்துவிடும். அதன்பின் ஐரோப்பாவுடனான உறவு பழையபடி ஆகிவிடாதா? அமெரிக்காவும் ஐரோப்பிய நாடுகளும் சேர்ந்த ராணுவக் கூட்டணியான நேட்டோவை விட்டு அமெரிக்கா விலகுவதைத் தடுக்கச் சட்டமே இருக்கும்போது, ஐரோப்பியத் தலைவர்கள் இப்படிப் பதறி ஆயுதங்களுக்குப் பணத்தைக் கொட்டுவது ஏன்?

– வாசகர் ஒருவர், கும்பகோணம்

பதில்: பழையபடி ஆகாது. நீங்கள் நம்பியிருக்கும் சட்டம் 2023 டிசம்பரில் வந்தது. நாடாளுமன்ற மேலவையான செனட்டில் மூன்றில் இரண்டு பங்கினரின் ஒப்புதலோ, நாடாளுமன்றம் இயற்றும் தனிச் சட்டமோ இல்லாமல் அதிபர் நேட்டோவை விட்டு விலகக் கூடாது என்கிறது அது. அதைக் கொண்டுவர முன்னின்றவர்களில் ஒருவர் மார்கோ ரூபியோ. பின்னாளில் டிரம்ப்பின் வெளியுறவு அமைச்சரானவரும் அவரே. ஆனால் அந்தச் சட்டத்தால் காப்பாற்ற முடிவது உறுப்பினர் என்ற பெயரை மட்டும்தான்.

ஓர் உறுப்பு நாட்டின் மீது நடக்கும் ஆயுதத் தாக்குதலை அனைவர் மீதான தாக்குதலாகவும் கருத வேண்டும் என்று சொல்லும் நேட்டோ ஒப்பந்தத்தின் ஐந்தாம் பிரிவு, அதற்காக ஒவ்வொரு நாடும் தான் அவசியமெனக் கருதும் நடவடிக்கையை எடுக்கும் என்று மட்டுமே சொல்கிறது. போர் தொடுத்தே ஆக வேண்டும் என்ற கட்டாயம் அதில் இல்லை. போரை அறிவிக்கும் அதிகாரம் அமெரிக்க அரசியல் சட்டப்படி நாடாளுமன்றத்துக்கு உரியது என்பதால், ஒப்பந்தம் உருவான 1949இல் அமெரிக்கத் தரப்பு கேட்டுப் பெற்ற நெகிழ்வு அது. எழுத்தில் இருந்த இந்த இடைவெளியை எழுபது ஆண்டுகளுக்கு மேலாக நிரப்பி வந்தவை வேறு: ஜெர்மனியில் நிலைகொண்டிருந்த அமெரிக்கப் படைகள், ஐசனோவர் தொடங்கி எப்போதும் ஓர் அமெரிக்கரே வகித்துவரும் நேட்டோவின் ஐரோப்பியத் தலைமைத் தளபதிப் பதவி, எல்லாவற்றுக்கும் மேலாக, அமெரிக்கா வந்தே தீரும் என்று மாஸ்கோவும் நம்பியது. நேட்டோ உறுப்பு நாடான எஸ்தோனியாவின் நார்வா நகரில் நின்றால் ஆற்றின் மறுகரை ரஷ்யா. அந்த நகரத்துக்காக நான் ஏன் போரிட வேண்டும் என்று ஓர் அதிபர் வாய்விட்டுக் கேட்டுவிட்டால், எந்தப் பிரிவையும் மீறாமல், எந்தத் தாளிலும் கையெழுத்திடாமல், அந்த நம்பிக்கையை அவர் அழித்துவிட முடியும்.

ஐந்தாம் பிரிவு இதுவரை ஒரே ஒருமுறைதான் நடைமுறைக்கு வந்திருக்கிறது. 2001 செப்டம்பர் 11 தாக்குதலுக்கு மறுநாள், அமெரிக்காவுக்காக. அதன்பின் நேட்டோவின் கண்காணிப்பு விமானங்கள் மாதக்கணக்கில் அமெரிக்க வானத்தைக் காத்தன. ஏறத்தாழ 55 லட்சம் மக்களே இருந்த டென்மார்க், ஆப்கானிஸ்தானில் 43 வீரர்களைப் பறிகொடுத்தது. அதே டென்மார்க்கின் ஆட்சிப் பரப்பில் உள்ள கிரீன்லாந்தைப் பெறப் படைபலத்தைப் பயன்படுத்த மாட்டேன் என்று உறுதி கூற முடியுமா என்று 2025 ஜனவரியில் கேட்கப்பட்டபோது, பதவியேற்கக் காத்திருந்த டிரம்ப் மறுத்துவிட்டார். தோளோடு தோள் நின்றவனிடம் பேசும் பேச்சா இது? இதைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு மனம் கொதிக்கிறது; பிள்ளைகளை இழந்த டேனியக் குடும்பங்களுக்கு எப்படி இருந்திருக்கும்?

ஆனாலும் பழி முழுவதையும் ஒரு மனிதர் மீது போட்டுவிட்டு நாம் நிம்மதி அடையக் கூடாது. ஐரோப்பாவில் இருந்த சுமார் மூன்று லட்சம் அமெரிக்கப் படையினரைப் பாதியாகக் குறைக்கும் திருத்தத்தை 1971இலேயே செனட்டில் கொண்டுவந்தவர், அந்த அவையில் ஜனநாயகக் கட்சிக்குத் தலைமை வகித்த மைக் மான்ஸ்ஃபீல்ட். அது 61க்கு 36 என்ற கணக்கில் தோற்றது. ஐரோப்பா தன் பங்கைச் செலுத்தாவிட்டால் அமெரிக்காவின் பொறுமை வற்றிவிடும் என்று 2011இல் பிரசெல்ஸில் எச்சரித்தவர், ஒபாமாவின் பாதுகாப்பு அமைச்சர் ராபர்ட் கேட்ஸ். அந்தக் குறை நியாயமானதே: உள்நாட்டு உற்பத்தியில் 2 சதவீதத்தைப் பாதுகாப்புக்குச் செலவிட்ட உறுப்பு நாடுகள் 2014இல் மூன்றே மூன்று. அதே காலத்தில் வாஷிங்டனின் கவனமும் சீனாவின் பக்கம் திரும்பியது. இந்தக் காரணங்களில் எதுவும் டிரம்ப்போடு வீட்டுக்குப் போகப்போவதில்லை.

நீங்கள் எதிர்பார்க்கும் 'பழையபடி' ஏற்கெனவே ஒருமுறை நடந்து பார்த்ததுதான். 2021 பிப்ரவரியில் அமெரிக்கா திரும்பி வந்துவிட்டது என்று, டிரம்ப்பின் முதல் ஆட்சி முடிந்து அதிபரான பைடன் ஐரோப்பாவுக்கு அறிவித்தார். அவர்களும் நம்பினார்கள். நான்கே ஆண்டுகளில் டிரம்ப் மீண்டும் வந்தார். 2025 மார்ச்சில் உக்ரைனுக்கான ஆயுத உதவியையும் உளவுத் தகவலையும் சில நாள்களுக்கு நிறுத்தியும் காட்டினார்.

அந்த ஆண்டு ஜூனில் ஹேக் நகரில் கூடிய உறுப்பு நாடுகள், 2035க்குள் 5 சதவீதம் என்று இலக்கு வைத்ததன் பின்னணி இதுதான். பணத்தால் மட்டும் எல்லாம் கைகூடிவிடாது. உளவுச் செயற்கைக்கோள்கள், பெரும் படைகளை ஏற்றிச் செல்லும் விமானங்கள், வானிலேயே எரிபொருள் நிரப்பும் விமானங்கள் ஆகியவற்றில் ஐரோப்பா அமெரிக்காவைச் சார்ந்திருக்கிறது. பிரிட்டனின் அணு ஆயுதத்தைச் சுமக்கும் டிரைடென்ட் ஏவுகணையே அமெரிக்கத் தயாரிப்புதான். யாரையும் சாராத அணுபலம் பிரான்ஸிடம் மட்டுமே இருக்கிறது. 2029இல் நல்லெண்ணம் கொண்ட ஓர் அதிபர் வரட்டும் என்றுதான் நானும் விரும்புகிறேன். ஆனால் இன்று ஒப்பந்தம் போட்டு வாங்கும் ஏவுகணைத் தடுப்புச் சாதனம் கைக்கு வந்துசேரவே பல ஆண்டுகள் ஆகும் என்னும்போது, 2032இல் அமெரிக்கர்கள் யாரைத் தேர்ந்தெடுப்பார்கள் என்பதையும் சேர்த்தே எஸ்தோனிய அரசு இன்று கணக்குப் போட வேண்டியிருக்கிறது.