செங்கண்மாரி ரிப்போட்: வாசகர் கேள்விகளுக்குப் பதில்

பத்து வயது மகனுக்குக் கண் மஞ்சள். ஹெபடைட்டிஸ் ஏ-க்கு ஐஜிஎம், ஐஜிஜி இரண்டும் பொசிட்டிவ் என்று ரிப்போட்டில் இருக்கிறது. இரண்டு முறை வந்திருக்கிறதா?
– தாய் ஒருவர், களுவாஞ்சிகுடி

இல்லை, ஒரே தொற்றுத்தான். ஹெபடைட்டிஸ் என்றால் ஈரல் அழற்சி; ஏ, பி, சி என்பன அதை உண்டாக்கும் வெவ்வேறு வைரசுகள். வைரசை எதிர்க்க உடம்பு உண்டாக்கும் புரதம்தான் பிறபொருளெதிரி; அதில் முதலில் வருவது ஐஜிஎம். கண் மஞ்சளாகும் நேரத்தில் அது இரத்தத்தில் இருக்கும், சில மாதங்களில் மறைந்துவிடும். அடுத்து வரும் ஐஜிஜி ஆயுளுக்கும் நிற்கும். அது மட்டும் இருந்தால் பழைய தொற்று, அல்லது தடுப்பூசி. கண்ணை மஞ்சளாக்கும் பிலிருபின் எவ்வளவு ஏறினாலும் எந்த வைரசு என்று அது சொல்லாது.

ஹெபடைட்டிஸ் ஏ மலம் கலந்த நீரால் பரவும்; மாரி வெள்ளத்தோடு மலசலகூடக் குழியும் கிணறும் ஒன்றாகிவிடுகிற ஊர்கள் நம்முடையவை. வீட்டில் எல்லோரும் கொதித்தாறிய நீரையே குடியுங்கள். டொக்டரைக் கேட்காமல் பனடோல் வேண்டாம். கீழ்க்காய்நெல்லி அரைத்துக் கொடுத்திருந்தால் அதையும் மறைக்காமல் சொல்லுங்கள்.

இரத்ததானம் செய்தேன். ஹெபடைட்டிஸ் சி பிறபொருளெதிரி பொசிட்டிவ் என்றார்கள். பிறகு செய்த ஆர்என்ஏ பரிசோதனையில் வைரசு இல்லையாம். எதை நம்புவது?
– வாசகர், அக்கரைப்பற்று

இரண்டையும் நம்பலாம், அவை இரண்டு வேறு கேள்விகளுக்கான பதில்கள். பிறபொருளெதிரிப் பரிசோதனை பிறந்த விதமே விசித்திரம். இரத்தம் ஏற்றியவர்களுக்கு ஏ-யும் இல்லாத பி-யும் இல்லாத ஒரு ஈரல் அழற்சி வந்துகொண்டிருந்தது. வைரசு மட்டும் யார் கண்ணிலும் படவில்லை. விஞ்ஞானி மைக்கேல் ஹௌட்டன் குழுவினர் தொற்றுள்ள சிம்பன்சியின் இரத்தத்திலிருந்து மரபணுத் துண்டுகளை எடுத்து, பக்டீரியாவுக்குள் வைத்துப் புரதம் செய்யவிட்டார்கள். நோயாளி ஒருவரின் பிறபொருளெதிரி எந்தப் புரதத்தில் ஒட்டுகிறது என்று இலட்சக்கணக்கான துண்டுகளுக்குள் தேடி, 1989-இல் பிடித்தார்கள். வைரசைக் காண்பதற்கு முன்பே அதன் அடையாளம் கிடைத்துவிட்டது! 2020 மருத்துவ நோபல் பரிசில் ஹௌட்டனுக்கும் பங்கு.

முதல் பரிசோதனைகள் வைரசின் ஒரே ஒரு புரதப் பகுதியை நம்பியிருந்ததால் பிழையான பொசிட்டிவ் நிறைய வந்தது. பிறகு வேறு பகுதிகளையும் சேர்த்துச் சீராக்கினார்கள். ஆனாலும் நோய் அரிதாக உள்ள இடத்தில் பொய்ப் பொசிட்டிவ் இன்றும் வரும்.

உங்களுக்கு அப்படி இருக்கலாம். அல்லது எப்போதோ தொற்றி, உடம்பே விரட்டியிருக்கலாம். சிகிச்சை இல்லாமலே ஏறத்தாழ மூன்றில் ஒருவருக்கு அப்படி நடக்கிறது. வைரசு போனாலும் பிறபொருளெதிரி போகாது. வைரசு இப்போது இருக்கிறதா என்பதை அதன் மரபணுப் பொருளைத் தேடும் ஆர்என்ஏ பரிசோதனைதான் சொல்லும். இந்த இரண்டு ரிப்போட்டையும் பத்திரப்படுத்துங்கள், இன்னொரு ஆசுபத்திரியில் யாராவது திரும்பப் பயமுறுத்துவார்கள்.

ஹெபடைட்டிஸ் பி தடுப்பூசி மூன்றும் போட்டுப் பல வருடம். இப்போது பிறபொருளெதிரி அளவு 4 என்கிறார்கள். பாதுகாப்பு இல்லையா?
– தாதியர் பயிற்சி மாணவி, மட்டக்களப்பு

கடைசி ஊசிக்கு ஒன்றிரண்டு மாதத்தில் பார்த்து 10-க்கு மேல் இருந்தால் பாதுகாப்பு உண்டு என்று கொள்வார்கள். வருடம் போகப் போக எண் இறங்கும்; உடம்பின் ஞாபகம் பொதுவாக அழிவதில்லை. ஆனால் நீங்கள் ஊசி முனையோடு வேலை செய்பவர். இன்னொரு ஊசி போட்டு, ஒரு மாதம் கழித்து மறுபடி பாருங்கள்.

இந்தப் பரிசோதனைகளுக்கு வெறும் வயிற்றோடு போகவேண்டுமா?
– வாசகர், வாழைச்சேனை

தேவையில்லை. சீனி, கொழுப்பும் சேர்த்துப் பார்க்கச் சொன்னால் மட்டும் முதலிலேயே கேட்டுக்கொள்ளுங்கள்.